இனித்த மாத்திரை

உடம்பு தேறிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் என் முகம் மறுபடியும் என் முகமாகத் தெரிகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். நான் பாதி சொல்வதற்குள் தங்கள் மச்சினனுக்கு வந்த காமாலையைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இனி யாராவது கேட்டால் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொள்வேன்.

நான் கணக்கு வாத்தியார். மயிலாப்பூரில் குளத்துக்கு வடக்கே வீடு, மாம்பலத்தில் பள்ளிக்கூடம். வீட்டில் என் மனைவி விசாலம், ஒரு கைக்குழந்தை, என் தமக்கை தர்மாம்பாள். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே அத்திம்பேர் போய்விட்டார். எங்கள் அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். மடி ஆசாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெளியிலிருந்து வந்து கால் அலம்பாமல் நான் அவள் புடவையில் பட்டுவிட்டால் திட்டமாட்டாள். பேசாமல் போய் இன்னொரு தரம் குளித்துவிட்டு வருவாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

போன வருஷம் எனக்கு வலிப்பு கண்டது. முதல் தடவை வீட்டில். அடுத்த தடவை வகுப்பில், கரும்பலகையில் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தபோது சாக்கட்டியோடு விழுந்தேனாம். எனக்கு நினைவில்லை, பிள்ளைகள் சொன்னதுதான். தலைமையாசிரியர் தங்கமான மனிதர். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். இன்னொரு தடவை பிள்ளைகள் முன்னால் விழுந்தால் வேலை நிலைக்காது என்பது அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

லஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் குடும்ப டாக்டர் பீனோபார்பிட்டோன் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். மூளையில் எழும் கொந்தளிப்பை அமர்த்தி, வலிப்பு வராமல் தடுக்கும் மருந்து அது. சைக்கிளைத் தொடக் கூடாது, மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சின்ன வெள்ளை மாத்திரை, நாக்கில் பட்டால் கசப்பு. தினமும் சாயங்காலம் அக்கா அதை ஒரு டம்ளர் ஜலத்தோடு கொண்டுவந்து வைப்பாள். வலிப்பு வரவே இல்லை. இதைவிட உசத்தியான மருந்து லோகத்தில் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் நான் பிரசாரமே செய்துகொண்டிருந்தேன்.

ஒரு மாசம் போல ஆகியிருக்கும். தொண்டை கரகரவென்றது, ஜுரம் அடித்தது. கழுத்துக்கு இரண்டு பக்கமும் நெறி கட்டிக்கொண்டு நெல்லிக்காய் மாதிரி உருண்டது. மார்பில் சிவப்புச் சிவப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ கிளம்பி, முதுகு, கை என்று பரவியது. அரிப்பென்றால் சொல்லி முடியாது. காலையில் எழுந்தால் முகம் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை.

அக்கா நிலைப்படியில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தாள். மணல்வாரி அம்மை என்று தீர்மானமாகிவிட்டது. அப்புறம் எங்கள் வீட்டில் எனக்கு வோட்டுக் கிடையாது. வாசலில் வேப்பிலை ஏறியது. தாளிப்பு நின்றது. கைக்குழந்தையோடு விசாலத்தை அவள் பிறந்தகத்துக்கு அனுப்பிவைத்தாள் அக்கா. மாம்பலத்திலிருந்து விசாலம் தினமும் ஆள் விட்டு விசாரிப்பாள். டாக்டரைக் கூப்பிடவே இல்லை. அம்மை வார்த்திருக்கும் வீட்டில் டாக்டருக்கு என்ன வேலை? இளநீர், மோர், குழைந்த தயிர் சாதம், மேலுக்கு வேப்பிலைக் கொத்தால் ஒரு வருடல். வைத்தியம் அவ்வளவுதான்.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். சாயங்காலம் ஆனதும் கண்ணைத் திறக்க முடியாவிட்டாலும் மாத்திரை எங்கே என்று கேட்பேன். "இதோ, வாயைத் திற" என்று அக்கா போடுவாள். அது லேசாக இனித்தது. ஜுரத்தில் நாக்கு கெட்டுப்போயிருக்கிறது, கசப்புகூட இனிப்பாகத் தெரிகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கணக்கு வாத்தியாருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும் அல்லவா?

நாளாக ஆக ஜுரம் இறங்கியது. முகம் வடிந்தது. சிவப்பு மங்கி, தோல் ரவை ரவையாக உதிர்ந்தது. அம்மன் மனமிரங்கிவிட்டாள் என்று அக்கா கோயிலுக்குப் பொங்கல் வேண்டிக்கொண்டாள். நல்ல நாள் பார்த்து வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த ஜலத்தை என் தலைக்கு விட்டாள். விசாலமும் குழந்தையும் திரும்பி வந்தார்கள். அன்று சாயங்காலம் மாத்திரை வாயில் பட்டதும் கசந்தது. நாக்கு சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் விடிவதற்குள் போய்விட்டது. காலையில் உடம்பெல்லாம் தீயாகக் கொதித்தது. போன தடவை மார்பில் தொடங்கி நிதானமாகப் பரவியது. இந்தத் தடவை தலையிலிருந்து கால்வரை ஒரே சிவப்பு. உதடு தடித்து வெடித்தது. வாய்க்குள் புண், ஜலம் விழுங்கினால் எரிந்தது. அடுத்து வந்த நாட்களில் கண் வெள்ளை மஞ்சளாகி, சிறுநீர் கெட்டி டிகாக்ஷன் நிறத்தில் போயிற்று. விசாலம் யாரையும் கேட்கவில்லை. தானே தெருவுக்குப் போய் ஜட்கா பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தி, என்னை ஏற்றினாள். அக்கா மட்டும் ஜட்காவுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் காத்திருப்பது என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன். நீள பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். பெரியம்மை என்று பயம். சின்ன டாக்டர் வந்து பார்த்து, நீர் கோத்த கொப்புளம் இல்லை, பெரியம்மை இல்லை என்று உரக்கச் சொன்ன பிறகுதான் பெஞ்சு பழையபடி நிறைந்தது.

வார்டில் எனக்கு அடுத்த படுக்கை சவரிக்கு. சாந்தோம் பக்கத்துக் குப்பத்துக்காரன். கரையில் கட்டுமரத்தை இழுக்கும்போது மரம் உருண்டு கால் முறிந்து, கட்டுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் பெண்சாதி மீன் குழம்பு கொண்டுவரும்போதெல்லாம் அவன் என்னைப் பார்த்து, சாமி கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்க என்பான். நானும் மரியாதையாகத் திரும்பிக்கொள்வேன். வாய்ப்புண்ணோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த வாசனை எவ்வளவு கொடுமையாக இருந்தது, அதாவது எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை என் அக்கா இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பரிசோதனைகள் நடந்தன. மலேரியாவா என்று விரலைக் குத்தி ஒரு சொட்டு. டைபாய்டா என்று நரம்பிலிருந்து கொஞ்சம். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சிப் பார்த்தார்கள். போதாததற்கு, தகாத சகவாசத்தில் வரும் மேகநோய் உண்டா என்று சின்ன டாக்டர் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். உதடு வெடித்திருந்தது அவருடைய அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பெரிய டாக்டர் என் வயிற்றில் கையை வைத்து அழுத்தி, கல்லீரல் வீங்கி விலாவுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்றார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த ரத்தத்தில், உடம்பு எதையாவது ஒத்துக்கொள்ளாதபோது பெருகுகிற ஒரு ஜாதி வெள்ளை அணு மிகுதியாக இருந்ததாம்.

பெரிய டாக்டர் அதிகம் பேசாதவர். அவருக்கு மாத்திரை மேல் சந்தேகம் விழுந்தது. படுக்கை அருகில் வந்து, அம்மை என்று சொன்னீர்களே, அந்த நாட்களில் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

"ஒரு வேளைகூட விடவில்லை சார். நான் கணக்கு வாத்தியார்."

அவர் யோசித்தார். மாத்திரை காரணமானால், அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உடம்பு தேறியிருக்க முடியாது. தேறியிருக்கிறது. ஆகவே மாத்திரை காரணமில்லை. தர்க்கத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நானே தலையை ஆட்டி ரசித்தேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஒன்றன்மேல் ஒன்றாக வலிப்பு வந்து ஆளையே கொண்டுபோய்விடும் என்பதும் உண்மை. அதனால் மாத்திரை தொடரட்டும் என்று உத்தரவாயிற்று. தினமும் சாயங்காலம் நர்ஸ் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். கசந்தது. நானும் நல்ல பிள்ளையாக விழுங்கினேன்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை ஒளிக்கப் போவதில்லை. முழங்கையிலும் தொடையிலும் தோல் பட்டை பட்டையாகக் கழன்று படுக்கை விரிப்போடு ஒட்டிக்கொண்டது. ஜுரம் சாயங்காலத்துக்குச் சாயங்காலம் ஏறியது. பெரிய டாக்டர் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு விசாலத்தைத் தனியாக அழைத்துப் பேச ஆரம்பித்தார். கல்லீரல் இன்னும் கெட்டால் தாங்காது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அதை அவள் என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. செலவைப் பற்றியும் பேசவில்லை. மெல்லிய பழம்புடவையைத் துவைத்து, வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திக் கொண்டுவந்து, விரிப்பின் மேல் போட்டு என்னைப் புரட்டிப் படுக்கவைப்பாள். இன்னும் நாலு நாளில் பாருங்கோ என்பாள். அந்த நாலு நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. சவரி தன் பங்குக்கு, "பயப்படாத சாமி, பழைய தோலு போனா புதுத் தோலு வரும். உனுக்கு நல்ல கலராக்கூட வரும்" என்று தைரியம் சொன்னான்.

அக்கா தினமும் மத்தியானம் கஞ்சி கொண்டுவருவாள். படுக்கைக்கு ஒரு முழம் தள்ளியே நிற்பாள். பாத்திரத்தை விசாலம் வாங்கிக்கொள்வாள். வீட்டுக்குப் போய்த் தலையோடு குளித்த பிறகுதான் அக்காவுக்குச் சொட்டு ஜலம் உள்ளே போகும். அவள் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. என் நிலைமையைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன். ஒரு நாள் கஞ்சி கொண்டுவர நேரமாகிவிட்டது. அவள் உள்ளே நுழைந்தபோது நர்ஸ் மாத்திரையோடு வந்து என் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அக்கா அந்த ஒரு முழத்தைத் தாண்டி வந்தாள். வந்து நர்ஸின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தம்பியையே ஆஸ்பத்திரித் தீட்டுக்குப் பயந்து தொடாமல் இத்தனை நாளும் நின்றவள், ஊர் பேர் தெரியாத நர்ஸின் கையைப் பிடித்தாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். விசாலம் விசிறியை அப்படியே கீழே போட்டுவிட்டாள்.

"அதைக் கொடுக்காதே அம்மா. இவனுக்கு அம்மை வார்த்திருந்தப்போ நான் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கலை. கற்கண்டைத்தான் கிள்ளிப் போட்டேன்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அந்த இனிப்பு அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து, அக்காவை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, தான் நின்றுகொண்டே நிதானமாகக் கேட்டார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். அம்மை வார்த்த வீட்டில் மருந்து கொடுப்பது அம்மனுக்கு அபசாரம். அதனால் வேப்பிலை கட்டிய அன்றே மாத்திரைக் குப்பியை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். சொன்னால் இவன் கேட்கமாட்டான், அதனால் கற்கண்டு. மறுபடி எப்போது கொடுத்தீர்கள் என்றார் டாக்டர். தலைக்கு ஜலம் விட்ட அன்று சாயங்காலம் என்றாள் அக்கா. அடுத்த நாள் காலையில் இப்படி ஆயிற்றா? ஆமாம்.

"இதை ஏன் அம்மா முன்னாடியே சொல்லவில்லை?"

"நான் நிறுத்தினதாலதான் இவனுக்கு இப்படி ஆயிடுத்துன்னு நினைச்சுண்டிருந்தேன். என் கையாலேயே என் தம்பியை இப்படிப் பண்ணிட்டேனேன்னு வாய் வரலை." தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு அந்த மாத்திரையைப் பார்த்தேன். அது உள்ளே போறச்சயெல்லாம் இவன் படுத்துக்கறான். அது நின்ன நாள்லதான் இவன் எழுந்து உட்கார்ந்தான். அப்புறம் எப்படிப் பார்த்துண்டு நிக்கறது?"

டாக்டர் திட்டவில்லை. நர்ஸின் கையிலிருந்து மாத்திரையைத் தானே வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "கணக்கு சரிதான் சார், கொடுத்த விவரம்தான் தப்பு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உதடு வெடித்திருந்ததால் சிரிக்க முடியவில்லை.

மாத்திரை நின்றது. நின்றவுடன் எல்லாம் சுகம் என்று கதையில்தான் வரும். மருந்து வெளியே போனாலும் அது கிளப்பிவிட்ட நெருப்பு அடங்க வாரக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். அப்படித்தான் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் அவர் பயந்த மாதிரியே வலிப்பும் வந்தது. சவரிதான் தொங்குகிற காலோடு எட்டி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், சாமி கீய வுயப் போறாரு, ஓடியா" என்று வார்டே அதிரக் கத்தினானாம். அது ஒரு தடவையோடு நின்றது. அதன் பிறகு புரோமைட் என்ற வேறு ஜாதி மருந்தைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, தோலையும் கண்ணையும் தினமும் பார்த்தார்கள். அது உப்புக் கரித்தது. என் உடம்பு அதை ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் எனக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த மாத்திரை விஷமல்ல. ஆயிரம் பேருக்கு அது அமிர்தம். எங்கேயோ ஒருவனுடைய உடம்பு அதைச் சத்துரு என்று நினைத்துச் சண்டைக்குக் கிளம்பிவிடுகிறது. அந்தச் சண்டையில் தோலும் வேகும், கல்லீரலும் வேகும், சில பேருக்குச் சிறுநீரகமும் போகும். சாப்பிட்ட அன்றே வரவேண்டும் என்பதில்லை. வாரக்கணக்கில் சாதுவாக இருந்துவிட்டுப் பிறகு வரும், அதனால்தான் மருந்தின்மேல் யாருக்கும் சந்தேகம் விழாது. புது மருந்து தொடங்கிய பிறகு ஜுரத்தோடு தடிப்புக் கிளம்பினால், முகம் வீங்கினால், நெறி கட்டினால், வாயும் கண்ணும் புண்ணானால், கண் மஞ்சளானால், அம்மை என்று வீட்டோடு வைத்துக்கொள்ளாதீர்கள். குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். அதற்காக என் அக்கா மாதிரி வலிப்பு மாத்திரையைத் தானாகப் பரண்மேல் ஏற்றிவிடவும் வேண்டாம். அந்த நாட்களில் எனக்கு வலிப்பு வராமல் இருந்தது அதிர்ஷ்டமே தவிர வேறில்லை. இன்னொன்று, ஒரு தடவை ஒத்துக்கொள்ளாத மருந்தை ஜன்மத்துக்கும் தொடக் கூடாது; இரண்டாம் தடவை அது இரட்டிப்பாக வரும். இதற்கு நானே சாட்சி.

வீட்டுக்கு வந்த அன்று அக்கா கோயிலுக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பினாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? வந்தது அம்மையே இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார், அப்புறம் பொங்கல் யாருக்கு என்று கேட்டேன். அவள் வெண்கலப் பானையை இடுப்பில் வைத்தபடியே திரும்பினாள்.

"மாத்திரையை முதல்ல நிறுத்தினது டாக்டரா, அம்மனாடா?"

இருபது வருஷமாக வாத்தியார் உத்தியோகம் பார்க்கிறேன். எழுந்து போய்ப் பொங்கலுக்கு வெல்லம் எடுத்துக் கொடுத்தேன். விசாலம் உள்ளே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

இப்போது பள்ளிக்கூடம் போய் வருகிறேன். கரும்பலகை முன்னால் நிற்கிறேன், முக்கோணம் போடுகிறேன், விழவில்லை. அக்காவுக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் எனக்கு ஒத்துக்கொள்ளாத அந்த மருந்தின் பெயரை விசாலத்திடம் கேட்டு ஸ்தோத்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணிவைத்திருக்கிறாள். போன வாரம் பல்வலிக்கு லஸ் டாக்டரிடம் போனபோது, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அக்கா வாசலில் நின்றபடியே அதைச் சொன்னாள். டாக்டர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

சாயங்கால மருந்து இன்றைக்கும் அக்கா பொறுப்புத்தான். நேற்று அந்த உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். அக்கா உள்ளே போய் எதையோ எடுத்துவந்து, ஒரு முழம் தள்ளி நிற்காமல், பக்கத்தில் வந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது கற்கண்டுதான்டா அம்பி. சொல்லிண்டே கொடுக்கறேன்."